எழுபத்தொன்றில் நின்ற குரல்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் படி எத்தனை, ஜன்னல் கம்பி எத்தனை என்று வாய் தானாக முணுமுணுக்கும். பரம்பரைக் கோளாறு. என் அப்பாவும் எண்ணுவார். நான் எதை எண்ணி முடித்தாலும், "ஒண்ணு விட்டுட்டியேலே" என்பார். திரும்ப எண்ணினால் விட்டுத்தான் இருக்கும். (அந்த எரிச்சல் ஐம்பது வயதிலும் எனக்குத் தீரவில்லை.)

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், அப்பா காலமாகிப் பதினான்கு மாதம் கழித்து, என் மகள் உமாவுக்கு வண்ணார்பேட்டை வீட்டில் நிச்சயதாம்பூலம் வைத்தோம். மாப்பிள்ளைக்கு ஸ்ரீவைகுண்டம். இரண்டு வரன் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்தது. உமாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. இதுவும் கலைந்தால் அவள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

எங்கள் தெருவின் முப்பத்தெட்டு வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். அதில் சிடியில் பாட்டு எழுதும் வசதியும் உண்டு. அந்தத் திமிரில், மேளக்காரர்கள் வேண்டாம், அப்பாவின் கேசட்டிலுள்ள நாதஸ்வரத்தை நானே சிடியில் ஏற்றிவிடுகிறேன் என்று அறிவித்தேன்.

டேப் ரிக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். கேசட் ஓட ஓட உள்ளே பதிவாகும். ஒன்பது உருப்படி, அறுபத்திரண்டு நிமிடம். பிறகு அதை வெற்று சிடியில் எழுத வேண்டும். எழுதும்போது மவுஸைத் தொட்டால்கூட சிடி பாழ் என்று சொல்லியிருந்தார்கள். முதல் மூன்று பாழாயின. (அதில் ஒன்றுக்கு என் தும்மல்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.) நான்காவது தேறியது. ஒவ்வொரு உருப்படியிலும் முதல் பத்து நொடி கேட்டுப் பார்த்தேன். பிரமாதம். மீதியைக் கேட்கவில்லை.

விசேஷத்தன்று விடாத மழை. நாலு மணிக்கே முன்னறை இருட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பக்கத்து அறையில். அந்தக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வெளியே இழுத்து அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். (வயர் அதுவரைதான் எட்டியது.)

எட்டு உருப்படிகள் நன்றாகவே ஒலித்தன. தட்டு மாற்றும் நேரம். மாப்பிள்ளையின் தாத்தா தட்டைக் கையில் எடுத்தார். ஒன்பதாவது உருப்படியில் தவில் ஓய்ந்து நாதஸ்வரம் மட்டும் இழைந்த இடத்தில், படத்துக்கு அடியிலிருந்து ஓர் ஆண் குரல் மெல்ல வந்தது.

"அறுவத்தேழு... அறுவத்தெட்டு..."

என் மனைவி கோமதி காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். "மாமா குரல்லா இது!"

அப்பாவின் குரலேதான். அதே மூச்சு, அதே இழுப்பு. என் முதுகில் ஈரத்துணியைப் போட்டது போல இருந்தது.

"அறுவத்தொம்பது... எழுவது..."

"யாரு வே எண்ணுதா?" என்றார் தாத்தா.

"எழுவத்தொண்ணு." ஒரு பெருமூச்சு. "முடிஞ்சுது."

அத்தோடு நாதஸ்வரமும் நின்றது. மழைச் சத்தம் மட்டும். தாத்தா தட்டைப் பைய கீழே வைத்தார்.

"எனக்கு இப்பம் எழுவத்தொண்ணு நடக்கு வே" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "மாமா, எந்திரிங்க. இந்த வீட்டுல நாம கை நனைக்க வேண்டாம்."

உமா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் படத்தைப் பார்த்தேன். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம். இரண்டு, நான்கு, ஆறு. (அப்போதும் எண்ணினேன்.)

அந்த நேரம் படத்துக்குக் கீழிருந்து இன்னொரு குரல் வெடித்தது.

"என்னங்க, தேங்காயை எண்ணினது போதும், எந்திரிங்க! பதினோரு பேருன்னு சொல்லியிருக்காக, பதினாலு பேரா வந்து நிக்கப் போறாக! இலை பத்தாது, போயி வாங்கிட்டு வாங்க!"

கோமதியின் குரல். கோமதியோ வாயை இறுக மூடிக்கொண்டு எங்கள் கண்ணெதிரே நிற்கிறாள்.

தாத்தா திரும்பினார். விரலை நீட்டித் தம் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினார். கடைசியாகத் தம் நெஞ்சைத் தொட்டார்.

"பதினாலு" என்றார். "ஏ தாயி, இலை வாங்கியாச்சா?"

கோமதி காப்பித் தட்டால் முகத்தை மறைக்கப் பார்த்தாள். காப்பி முழுக்க என் வேட்டியில். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான்.

விஷயம் இவ்வளவே. கம்ப்யூட்டரின் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். பதிவு நடந்த நேரத்தில் அதே அறையில் தாம்பூலப் பைக்கான தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தேன். கேசட் முடிந்த பிறகும் பதிவு ஓடியிருக்கிறது. என் குரல் எப்போது அப்பாவின் குரலாக மாறியது என்பதுதான் எனக்குத் தெரியாது. (கடைக்கார அண்ணாச்சி எழுபத்திரண்டு தேங்காய் என்று சத்தியம் செய்தார். எழுபத்தொன்றுதான் என்று நான் சண்டை போட்டு ஒன்று கூடுதலாக வாங்கிவந்தேன்.)

தட்டு மாற்றினோம். தை மாதம் கல்யாணம். அதற்கு வெள்ளையடிக்கக் கம்ப்யூட்டர் மேஜையை நகர்த்தியபோது, சுவரோரம் ஒரு தேங்காய் கிடந்தது. குலுக்கினால் உள்ளே கடகடவென்றது. எழுபத்திரண்டாவது.

அன்று மத்தியானம் ஸ்பீக்கரில் காதை வைத்து அந்தச் சிடியைத் திரும்பக் கேட்டேன். "முடிஞ்சுது" என்பதற்கும் கோமதி கத்துவதற்கும் நடுவே நாற்பத்து மூன்று நொடி. பத்தொன்பதாவது நொடியில், அறையின் மறுகோடியிலிருந்து வருவது போல, மிக மெல்ல:

"ஒண்ணு விட்டுட்டியேலே."

"அதுவும் நீங்கதான். தனியாப் பேசுத ஆளுதானே" என்கிறாள் கோமதி. இருக்கலாம். நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தால் தேடியிருக்க மாட்டேனா?

இப்போது எங்கள் வீட்டில் நான் பந்தியில் இலையை எண்ணினாலும், ரயிலில் பெட்டியை எண்ணினாலும், மருமகன் முதல் பேத்தி வரை ஒரே குரலில், "ஒண்ணு விட்டுட்டீங்க!" என்று கூவுவார்கள். நானும் கூடவே சிரிப்பேன். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் பைய திரும்ப எண்ணுவேன்.

விட்டுத்தான் இருக்கும்.