பீரோவில் பத்திரமாக இருக்கும் மஞ்சள் கட்டம்

நம்மிடையே பத்திரக்காரர்கள் என்றொரு இனம் உண்டு. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள் இவர்கள். வைத்துவிட்டால் போதும், படித்துவிட்ட திருப்தி வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த பத்திரக்காரர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகும் சிறுமி, ஆஸ்துமாக்காரி. டாக்டர் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டு எழுதிக் கொடுத்தார்: நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியது பச்சையில், இருமலும் இழுப்பும் தொடங்கினால் செய்ய வேண்டியது மஞ்சளில், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி என்று சிவப்பில். "கண்ல படுற இடத்துல ஒட்டி வைங்க" என்றும் சொன்னார். நம்மவர் என்ன செய்தார்? தாளை லேமினேட் செய்து, உறைக்குள் போட்டு, உறையை ஃபைலில் வைத்து, ஃபைலை பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுவரில் ஒட்டினால் அழுக்காகிவிடுமே.

அதன்பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மைத்துனரைப் பார்த்தாலும், மாடிவீட்டுக்காரரைப் பார்த்தாலும், லிஃப்ட்டில் முன்பின் தெரியாதவரைப் பார்த்தாலும், "எங்க வீட்ல எல்லாம் பிளான்படிதாங்க" என்பார். பிளானில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. வகுப்பு டீச்சர் ஒரு பிரதி கேட்டபோது, "கசங்கிடும் மேடம்" என்று மறுத்துவிட்டார்.

ஒருநாள் மதியம் எதிர்வீட்டில் பெயின்ட் அடித்தார்கள். சிறுமிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு நெஞ்சில் விசில் சத்தம். அம்மா கணவருக்குப் போன் போட்டார்.

"பாப்பாவுக்கு இழுக்குது. பீரோ சாவி எங்கங்க?"

"பதறாத. அவ இப்ப பச்சையில இருக்காளா, மஞ்சள்ல இருக்காளா?"

"அதைப் பார்க்கத்தான் சாவி கேக்கறேன்."

மறுமுனையில் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கும் சத்தம். "இங்க இருக்கு. வரேன்."

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா கிளினிக்கை அழைத்தார். அங்கே ஒரு பிரதி இருந்தது. நர்ஸ் நிதானமாகக் கேட்டார்: "ஒரு வாக்கியம் முழுசாச் சொல்ல முடியுதா? போனைக் குடுத்து ஏதாவது பேசச் சொல்லுங்க."

சிறுமி ஒருமுறை இருமிவிட்டு, "அப்பா பிளானைப் பூட்டி வச்சுட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு" என்றாள்.

"முழுசாத்தான் சொல்றா. மஞ்சள்தான். நீல இன்ஹேலரை அந்த ஸ்பேசர் குழாய்ல மாட்டுங்க, தாள்ல இருக்கறதை நான் படிக்கிறேன். அதுக்கும் அடங்கலைன்னாலோ, பேச முடியலைன்னாலோ காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அம்மா குழாயைப் பாப்பாவின் வாயில் பொருத்தினார். மகளின் தோள்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, நர்ஸ் சொல்லச் சொல்ல அழுத்தினார். மெல்ல விசில் அடங்கியது. பாப்பா தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

மேலாளர் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடி வந்து, வாசலில் நின்று, "சா... சாவி..." என்றார்.

"அப்பா, முழு வாக்கியமாச் சொல்லுங்க" என்றாள் மகள்.

அவரால் முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். அது சீராக ஏறி இறங்குவது உறுதியாகும்வரை கையை எடுக்கவே இல்லை. பிறகு பீரோவைத் திறந்து, முதன்முறையாக அந்தத் தாளைப் படித்தார். நன்றாக இருந்தாலும் தினமும் எடுக்க வேண்டிய இன்னொரு இன்ஹேலர் பச்சைக் கட்டத்தில் இருந்தது.

"இதை நாம குடுக்கறமா?"

"பாப்பா நல்லாத்தானே இருக்கா, எதுக்குன்னு நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க."

இப்போது அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. டீச்சரிடமும் ஒன்று இருக்கிறது, கசங்கித்தான்.

சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் யாருக்கும் இழுப்பு இல்லை என்ற தைரியம். சரி, உங்கள் அலுவலக மாடிப்படியில் ஒரு தீயணைப்புக் கருவி தொங்குகிறதே, தினமும் அதைத் தாண்டித்தானே போகிறீர்கள். அதில் முதலில் எதை இழுக்க வேண்டும், எதை அழுத்த வேண்டும்? அதன்மேலேயே எழுதியிருக்கிறது என்கிறீர்களா? எழுதியிருக்கிறது. புகைக்குள் நின்று நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.