இஸ்பீடு சாரும் இருபது இங்கிலீஷும்

இந்தியாவில் எத்தனை மொழிகள் என்று யாரைக் கேட்டாலும் ஒரு கணக்குச் சொல்லிவிடுவார்கள். எத்தனை இங்கிலீஷ் என்று தெரிந்த ஒரே மனிதர், எண்பதுகளில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் இஸ்பீடு சார். பெற்றவர்கள் வைத்த பெயரை ஒரு தடவை தபால் உறையில் பார்த்தேன். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் அங்கே டைப் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஷார்ட்ஹேண்ட். ஸ்கேலால் மேஜையைத் தட்டித் தட்டி, "இஸ்பீடு, இஸ்பீடு! பென்சிலு தூங்குதுங்க!" என்று விரட்டுவார். ஷார்ட்ஹேண்ட் என்பது எழுத்துக் கூட்டி எழுதுவதல்ல, சத்தத்தைக் கேட்டுக் கோடு இழுப்பது. காதில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் கையில் வரும். சார் வாயில் ஸ்டேட்மென்ட் 'இஸ்டேட்மென்ட்டு' ஆகும், எக்ஸாம் 'யெக்ஸாமு' ஆகும். பிள்ளைகளும் அப்படியே இழுப்பார்கள். போதாக்குறைக்கு அவர் யாரிடமும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார், இங்கிலீஷிலும்கூட. "டியர் சாருங்க, வித் ரெபரென்சு டு யுவர் லெட்டருங்க..." என்றுதான் டிக்டேஷன் ஆரம்பிக்கும். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் பழக்க தோஷத்தில் அரசாங்கப் பரீட்சையிலேயே 'டியர் சாருங்க' என்று டைப் அடித்துவிட்டு வந்தாள். திருத்தியவர் அதை எந்த தேசத்து இங்கிலீஷ் என்று நினைத்தாரோ தெரியாது.

இதெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அரசாங்க அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். ரிஜிஸ்தர்களைப் புரட்டினார், மிஷின்களைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் சாரிடம், "உங்க ஹையர் சர்டிபிகேட் எங்கே?" என்றார்.

சாரிடம் லோயர்தான் இருந்தது. ஹையருக்கு, அதாவது நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தைக்கு, நான்கு தடவை போய் நான்கு தடவையும் கோட்டை விட்டிருந்தார். அதிகாரி, "ஷார்ட்ஹேண்ட் நடத்தறவர் ஹையர் பாஸ் பண்ணியிருக்கணும். அடுத்த பரீட்சையில இங்க ஒருத்தராவது பாஸ் பண்ணி அந்த நாற்காலியில உட்காரணும். இல்லேன்னா போர்டைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சார் அன்று சாப்பிடவில்லை. அந்த மாடியைத் தவிர அவருக்கு வேறு உலகமே கிடையாது. எனக்கே பாவமாக இருந்தது.

"எப்பிடி சார் நாலு தடவ பெயிலானீங்க?" என்று கேட்டேன்.

"என் தப்பு இல்லீங்க டீச்சர். படிச்சவங்க தப்பு. மொதோ தடவ மலையாளத்துக்காரரு படிச்சாரு. ஆபீஸ 'ஓபீஸு'ன்னாரு, லோன 'லோணு'ன்னாரு. ரெண்டாவது ஆந்திராக்காரரு, பாடறாரா படிக்கறாரான்னே தெரியல. மூணாவது திருநெல்வேலிக்காரரு. நாலாவது மெட்ராஸ்காரம்மா, மூக்காலேயே பேசிட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு தடவயும் ஒரு இங்கிலீஷு வந்தா மனுசன் என்னாங்க பண்ணுவான்?"

சொல்லிவிட்டு திடீரென்று நிமிர்ந்தார். எல்லா இங்கிலீஷையும் பழகிவிட்டால் எவர் வந்து படித்தால் என்ன? பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. நானும் ஹையருக்குப் பணம் கட்டியிருந்தேன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகுவது என்று முடிவாயிற்று. டிக்டேஷன் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

ஆளுக்கா பஞ்சம்? ஒகேனக்கல் அருவிக்குப் போகிற பஸ்களெல்லாம் எங்கள் ஊரில் டீ குடிக்க நிற்கும். சார் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வார். கண்ணாடி போட்டவர், கையில் இங்கிலீஷ் பேப்பர் வைத்திருப்பவர் யார் இறங்கினாலும் போச்சு. "சாருங்க, ஒன் லெட்டருங்க, வொன்லி பைவ் மினிட்ஸுங்க" என்று கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்துவிடுவார். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம் என்று வந்தவர்கள் ஐம்பது மூட்டை சிமெண்ட் நனைந்துபோன புகார்க் கடிதத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார்கள்.

பாலக்காட்டு பேங்க்காரர் படித்தார். மைசூர் வக்கீல் படித்தார். தொப்பூர் கணவாயில் லாரி பழுதாகி ஒரு பழைய மிலிட்டரி சர்தார்ஜி மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், சார் இரண்டு பஸ் மாறிப் போய் அவரையும் கூட்டி வந்துவிட்டார். சர்தார்ஜி ஸ்டேஷனை 'ஸடேஷன்' என்றார். சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "டீச்சருங்க, கவனிச்சீங்களா? நாம முன்னால போடற சத்தத்த அவரு நடுவால போடறாரு! மத்தபடி நம்ம பங்காளிதாங்க" என்று அவருக்கு இரண்டு தட்டு மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார்.

உச்சம் கல்கத்தா புரொபசர்தான். வெரிகுட்டை 'பெரிகுட்' என்று உருட்டி உருட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பாதியில் கீழே பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் பஸ் படியில் தொங்கிக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்தினார்: "யோவ் சாரே, அந்தாளு வூட்டம்மா பஸ்ஸுல அழுவுதுய்யா! எறக்கி வுடுய்யா!" புரொபசருக்குத் தமிழ் புரியவில்லை, அழுகை புரிந்தது. எழுந்தார். சார் கதவை மறித்துக்கொண்டு, "வொன் பேராகிராபுங்க!" என்றார். மனிதர் மீதியை மூச்சு விடாமல் படித்துவிட்டு மாடிப்படியில் உருளாத குறையாக ஓடினார். "பயத்துல படிச்சதாலதான் இஸ்பீடு கரெக்டா வந்துச்சு" என்றார் சார், கொஞ்சமும் குற்ற உணர்வில்லாமல்.

நான்கு மாதத்தில் இருபது இங்கிலீஷ் தேறியது. பரீட்சை எழுதச் சேலத்துக்குப் பஸ் ஏறும்போது சார் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "இங்கிலாந்து ராணியே வந்து படிக்கட்டுங்க டீச்சர், எழுதிப்புடலாம்."

பரீட்சை ஹாலில் நான் மூன்றாவது வரிசை, சார் எனக்கு முன்னால். படிப்பவர் வந்தார். கட்டை மீசை, வெள்ளைச் சட்டை, சாதாரண மனிதர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"டியர் சாரு, வி ஹேவ் ரிசீவ்டு யுவர் இஸ்டேட்மென்ட்டு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சு அசல் பென்னாகரத்து இங்கிலீஷ். எதிர்த்த வீட்டு ஆள் பேசுவது போல ஒவ்வொரு சத்தமும் கையில் தானாக வந்து உட்கார்ந்தது. சாருக்கு இனி கவலையில்லை, கண்ணை மூடிக்கொண்டே எழுதிவிடுவார் என்று நிம்மதியாகத் தலையைத் தூக்கினேன். சார் எழுதவில்லை. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கச்சேரி கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். 'இன்ஸ்டால்மென்ட்டு' வந்தபோது தலையைக்கூட ஆட்டினார். முதுகில் குத்தி எழுப்பலாம் என்றால் என் கை நூற்றிருபதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுதாரித்துப் பென்சிலை எடுத்தபோது ஒரு நிமிஷம் போயிருந்தது. ஹையரில் ஒரு நிமிஷம் போனால் போனதுதான்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாலு மாசம் ஊரையே கூட்டியாந்து பழகினமே சார்! நம்ம ஊரு ஆளே வந்தும் இப்பிடிப் பண்ணிட்டீங்களே!"

சார் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வருத்தத்தில் அல்ல. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இத்தன வருசமா என் இங்கிலீஷக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. இன்னிக்கு ஒருத்தரு அதே இங்கிலீஷ, கவர்மென்ட்டு பரீச்சைல, நூறு பேரு முன்னால தெகிரியமா நின்னு படிக்கறாரு. ஒருத்தரும் சிரிக்கலீங்களே. அதக் கேக்கறதா, எழுதறதா?"

அவரைக் கேலி செய்து சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

நான் பாஸ், சார் ஐந்தாவது தடவையாக பெயில். அதே வாரம் தர்மபுரியில் ஒரு ஆபீசில் எனக்கு ஸ்டெனோ வேலை வந்தது. நான் போனால் போர்டு இறங்கும். அப்பா, "கெடச்ச வேலய வுட்டுட்டு அந்தக் கிறுக்கன்கூட என்னா பண்ணப் போற?" என்று திட்டினார். வேலை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு, ஷார்ட்ஹேண்ட் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சார் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இப்போது அவருக்குப் பழக வேண்டிய இங்கிலீஷ் ஒன்றே ஒன்று. "நம்ம இங்கிலீஷக் கேட்டா மனசு எளகிப் போயிருதுங்க. பழகிப் போற வரைக்கும் படிச்சுக்கிட்டே இருங்க" என்றார். நல்லபடியாக உச்சரிக்கத் தெரிந்த நான், தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அவரை மாதிரியே 'டியர் சாருங்க' என்று படித்தேன். படிக்கப் படிக்க அது எனக்கும் பிடித்துப் போயிற்று.

அடுத்த பரீட்சையில் சார் பாஸ். எந்த ஊர்க்காரர் படித்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ரிசல்ட் வந்த அன்று அழாதவள், அவருடைய நம்பரைப் பேப்பரில் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, டைப்ரைட்டர் மேல் தலையை வைத்து அழுதேன்.