கில்பரன் விடியல் நீராட்டுப் பேரவை என்னைக் காப்பாற்றிய விதம்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்பார்கள். அந்த நெருப்பை அணைத்துவிட்டு, ஜனவரி மாத இருட்டில் கால்சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, அயர்லாந்துக் கடலுக்குள் கும்பலாக இறங்குவதுதான் மெய்யான சாதனை. முன்னது வெறும் தேவை. பின்னது நாகரிகம்.

இதை எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. கில்பரன் விடியல் நீராட்டுப் பேரவையின் முழு உறுப்பினன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

வட்டார நிர்வாக அலுவலகத்தில், வீடு கட்ட விண்ணப்பிப்பவர்களுக்கு அனுமதி மறுக்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது எனக்கு நேரம் நிறைய இருந்தது. என் மனைவி நோரீனுக்குத்தான் வீட்டில் இடம் இல்லாமல் போயிற்று. அவள் பாத்திரம் அடுக்கும் முறையில் சில திருத்தங்களைப் பரிந்துரைத்தேன். பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த வாணலியைக் கீழே வைத்தாள்.

“ஃபின்டன், நீ எங்கயாவது போயேன்.”

“எங்க?”

“எங்கயாவது. ஈரமா இருந்தாக்கூடப் பரவாயில்ல.”

இப்படித்தான் நான் பேரவைக்கு வந்து சேர்ந்தேன்.

பேரவையின் நிறுவனர் டெர்வ்லா ஹானிகன் சாதாரணப் பெண்மணி அல்ல. கம்பெனிகளில் ஆட்களை வேலையை விட்டு நீக்கும்போது அவர்கள் சிரித்தபடியே வெளியேறப் பயிற்சி அளித்தவர். முதல் நாள் என்னைப் படித்துறையில் நிறுத்தி, தோளில் தட்டிச் சொன்னார்: “பயப்படாதீங்க ஃபின்டன். குளிருன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அது வெறும் தகவல்.”

தகவல் என் முழங்கால்வரை வந்தது. தொடைக்கு வந்தபோது அவசரத் தகவலாயிற்று. அதற்குமேல் அது எட்டிய இடங்களைப் பற்றி எழுதுவது முறையாகாது.

தண்ணீரில் நாங்கள் இருப்பது ஒரு முட்டை அரைவேக்காடு ஆகும் நேரம்தான். அதன்பிறகு, கணுக்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டுக்குள் புகுந்து, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பற்றிப் பேசுவது மதியம்வரை நீளும். கோட்டின் முதுகில் ‘ஒருவரும் தனியில்லை’ என்று பொறித்திருக்கும். ப்ரோனா என்ற அன்பான பெண்மணி எலுமிச்சை கேக்கை எல்லோருக்கும் நறுக்கித் தருவார். பிறகு வட்டமாக நின்று, அன்று கடல் தங்களுக்கு என்ன ‘அளித்தது’ என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தெளிவு கிடைத்திருக்கும். ஒருவருக்கு மன்னிப்பு. என் முறை வந்தபோது “இருமல்” என்றேன்.

“ஆகா, உள்ள இருக்கறது வெளிய வருது!” என்றார் டெர்வ்லா. எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர டெர்வ்லா வகுத்த உயரிய முறை ஒன்று உண்டு. அதற்கு ‘விடுவிப்புக் கூச்சல்’ என்று பெயர். இடுப்பளவு நீரில் நின்று, அடிவானத்தைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து அலற வேண்டும். எல்லோரும் அலறுவார்கள். நான் மட்டும் அலறுவதில்லை. அரசு ஊழியத்தில் இருந்தவனுக்கு அலறிப் பழக்கமில்லை. அலற வைத்துத்தான் பழக்கம். டெர்வ்லாவுக்கு இது தீராத மனக்குறையாகவே இருந்தது.

பாதுகாப்பிலும் குறைவில்லை. கோல்மன் என்பவர் பேரவையின் பாதுகாப்பு அதிகாரி. அவர் கழுத்தில் விசில். படித்துறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஆரஞ்சு நிற மிதவை வளையம். கடல்காக்கைகள் அசுத்தம் செய்யாதபடி பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பார். அவ்வளவு பளபளப்பான பாதுகாப்பு வேறெந்தக் கரையிலும் கிடையாது.

கப்பல்துறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பாறையடியில், அட்ராக்டா கில்ஹூலி நீந்துவாள். ஊரின் சவ அடக்க நிலையம் அவளுடையது. என்னோடு பள்ளியில் படித்தவள். பேரவை பிறப்பதற்கு முன்பிருந்தே, இறந்துபோன கணவனின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக வருவாள், பாறையைச் சுற்றி ஒரு நீச்சல் போடுவாள், போய்விடுவாள். தேநீர் இல்லை. கேக் இல்லை. அனுபவப் பகிர்வு இல்லை.

“அவங்க வெறுமனே நீந்துறாங்க, பாவம்” என்பார் டெர்வ்லா.

ஒருநாள் எங்களைக் கடந்து போகும்போது அட்ராக்டா நின்றாள். “என்னடா ஃபின்டன், பென்குவின் கூட்டத்துல சேந்துட்டியா? இரு இரு, உங்க பேரவைக்குன்னே தனியா ஒரு வண்டி ஒதுக்கி வைக்கிறேன்.”

அவளுடைய வண்டிகள் எப்படிப்பட்டவை என்று ஊருக்கே தெரியும். டெர்வ்லா அவளுக்காகக் கண்ணை மூடி நல்லெண்ணம் அனுப்பினார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் பிடிக்க ஒருவர் வருவதாக இருந்தது. காற்று உரத்து வீசியது. கடல் கறுத்துப் புரண்டது. வேறு சங்கமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். டெர்வ்லாவோ, “வெளிச்சம் பிரமாதம்!” என்றார். நீரில் நாங்கள் கைகோத்து வளையமாக நிற்க வேண்டும், நடுவே சூரியன் எழ வேண்டும் என்பது திட்டம். உயரமானவன் என்பதால் எனக்கு ஆழமான பக்கம் ஒதுக்கப்பட்டது. ப்ரோனா கண்ணை மூடிவிட்டதால் திரும்ப ஒருமுறை எடுத்தார்கள். கோல்மனின் விசில் வாய்க்குள் இருந்ததால் இன்னொரு முறை.

அந்த இன்னொரு முறையில்தான் அலை வந்தது. கால் தரையை விட்டது. கை பிடியை விட்டது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது படம் நன்றாக வந்திருந்தது போலும்; எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டியபடி படியேறிக்கொண்டிருந்தார்கள். என்னை நீரோட்டம் கப்பல்துறைச் சுவரின் முனையைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக அலறினேன். “காப்பாத்துங்க!”

கோட்டுக்குள் புகுந்து, கோப்பையைக் கையில் எடுத்திருந்த டெர்வ்லா திரும்பிப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. “பாருங்க எல்லாரும்! இத்தனை நாளா வாயே திறக்காத மனுஷன்!”

கரையில் கைதட்டல் எழுந்தது.

“மூழ்குறேன்!”

“ஆமா ஃபின்டன்! நாம எல்லாருமே மூழ்கிட்டுத்தான் இருக்கோம்! இன்னும் சத்தமா!”

கோல்மன்தான் முதலில் சந்தேகப்பட்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “இல்ல டெர்வ்லா, அவர் நம்ம எல்லையத் தாண்டிட்டாரு. இது விதிமீறல்.”

உடனே அவசரக் கூட்டம் கூடியது. தண்ணீரின்மேல் குரல்கள் தெளிவாகக் கேட்கும். அதனால் நடவடிக்கைகளைப் பெருமளவு பின்தொடர முடிந்தது. அவர்கள் ஆலோசனையில் மூழ்கியிருந்தார்கள். நான் வெறும் தண்ணீரில்தான்.

“வளையத்த எடுங்க கோல்மன்!” இது ப்ரோனா.

“சாவி என் இன்னொரு கால்சட்டையில இருக்கு.”

“கண்ணாடிய உடைங்களேன்!”

“அது பேரவைச் சொத்தும்மா.”

“முதல்ல நாம எல்லாரும் மூச்சை நிதானப்படுத்திக்குவோம்” என்றார் டெர்வ்லா. “பதற்றம் தொத்திக்கும். ஃபின்டனுக்கு இப்ப நம்ம அமைதிதான் தேவை.”

“மீட்புப் படகுக்குச் சொல்லியாச்சா?” என்று யாரோ கேட்டார்கள். “யாராவது சொல்லியிருப்பாங்க” என்று பலர் ஒரே குரலில் சொன்னார்கள். பேரவையில் அப்படியொரு ஒருமித்த கருத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அதற்குமேல் கேட்கவில்லை. காதில் நீர் புகுந்தது. கால்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லாதது போல் இருந்தது. நோரீன் இந்நேரம் ரொட்டியை வாட்டிக்கொண்டிருப்பாள், எனக்கும் சேர்த்துத்தான் வாட்டுவாள் என்று நினைத்தேன். அது ஆறிப்போகுமே என்று அழுகை வந்தது. சாகப்போகிறவனுக்குப் பெரிய பெரிய எண்ணங்கள் வரும் என்பது பொய். ரொட்டிதான் வருகிறது.

பின்னாலிருந்து ஒரு கை என் தாடையைப் பிடித்தது.

“கையக் கால ஆட்டாதடா. மல்லாக்கப் படு.”

“அட்ராக்டா… எனக்குச் சாவு வேணாம்.”

“நல்லதாப் போச்சு. இன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு பேரை அடக்கம் பண்ணணும். உனக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல. உதை. காலை உதைடா கழுதை!”

அவள் பாறைப் பக்கம் போகாமல், நீரோட்டத்துக்குக் குறுக்கே என்னை இழுத்துப் படித்துறைக்கே கொண்டுவந்தாள். அவள் முட்டியெல்லாம் சிராய்ந்து ரத்தம். என்னைப் படியில் கிடத்திவிட்டு, என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். கண் திறந்தேன். “இருக்கான்” என்றாள். இறுதி ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டதென்று பாறைக்குப் போய்த் தன் ஓவர்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதன்பிறகுதான் பேரவை செயலில் இறங்கியது. எல்லோரும் ஓடிவந்தார்கள். எல்லோரும் என்மேல் கை வைத்தார்கள். மார்பில், நெற்றியில், பாதத்தில். பத்திரிகைக்காரர் அந்தப் படத்தையும் எடுத்தார். மறுவாரம் முதல் பக்கத்தில் வந்தது அதுதான்: ‘காத்து நின்ற கரங்கள்.’

காத்து நின்றது உண்மை. எதற்காகக் காத்து நின்றன என்று செய்தியில் இல்லை.

வீட்டில் நோரீன் என்னைக் கம்பளியில் சுருட்டி அடுப்போரம் உட்கார வைத்தாள். பிறகு அழுதுகொண்டே, “இனிமே வீட்லயே இரு. பாத்திரத்த எப்படி வேணாலும் அடுக்கித் தொலை” என்றாள். முப்பது வருடத்தில் அவள் சொன்ன மிக அன்பான வார்த்தை அது.

நான் டெர்வ்லாவிடம் தொலைபேசியில் சொன்னேன்: “என்னக் காப்பாத்துனது அட்ராக்டா.”

“அதிர்ச்சியில ஞாபகம் குழம்பும் ஃபின்டன். உங்களச் சுத்தி எங்க ஆற்றல் இருந்துச்சு. அவங்க அதுக்கு ஒரு கருவி.”

“நான் மூழ்கினேன், டெர்வ்லா.”

“நீங்க மூழ்கல. ஆழமாப் போனீங்க.”

பேரவைக்கு வட்டாரத் துணிச்சல் விருது அறிவிக்கப்பட்டது. அதோடு, இந்தத் துயரச் சம்பவத்திலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, ‘பொறுப்பற்ற தனிநபர் நீச்சலை’ ஒழிக்கும்படி பேரவை வட்டார நிர்வாகத்தை வலியுறுத்தியது. பாறையடியில் ஒருவரும் தனியாக இறங்கக் கூடாதென்று அறிவிப்புப் பலகை தயாரானது. விருது விழாவிலேயே நிர்வாக அதிகாரி அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

அட்ராக்டாவைப் பார்க்கப் போனேன். ஒரு சவப்பெட்டிக்குப் பித்தளைப் பிடி பொருத்திக்கொண்டிருந்தாள்.

“விழாவுக்கு வா. உனக்குத்தான் அந்தப் பதக்கம் வரணும்.”

“பதக்கத்த வச்சு நான் என்னடா பண்ண? அந்தப் பாறைய மட்டும் எனக்கு விட்டுடச் சொல்லு.” திருகாணியை முறுக்கினாள். “அவர் போனதுக்கப்புறம் வீட்ல ஒரே ஆறுதல் சொல்ற கூட்டம். காலைல யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லாத இடம் அது ஒண்ணுதான்.”

அந்தப் பலகை இன்றுவரை நடப்படவில்லை. திறக்க வந்த அதிகாரி அதைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்கு விழாவில் நடந்ததே காரணம்.

திருச்சபை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேரவை, முழுக் கோட்டில். கோல்மன் விசிலுக்குப் புது நாடா போட்டிருந்தார். பதக்கத்தை வாங்கியதும் டெர்வ்லா என்னை மேடைக்கு அழைத்தார். ஒலிவாங்கியை என் வாயருகே நீட்டி, ஈரக் கண்களோடு கேட்டார்:

“ஃபின்டன், அந்தப் படியில நீங்க கிடந்தப்ப எங்க கையெல்லாம் உங்க மேல இருந்துச்சே. அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சு? மனசுலருந்து சொல்லுங்க.”

மனதிலிருந்தே சொன்னேன்.

“ரொம்ப இதமா இருந்துச்சு டெர்வ்லா. நான் விறைச்சுப் போய்க் கிடந்தேன். உங்க கையெல்லாம் கதகதன்னு இருந்துச்சு. ஒரு கைகூட நனையல.”