விரலைச் சுற்றினால் ஃபேன் ஓடும்

பத்திரிகைக்கு எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பத்தாவதோடு நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் கிரேன் நைனாவைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். மின்சாரத்தை அவரைப் போல மிரட்டி வேலை வாங்கிய ஆள் சென்னையிலேயே கிடையாது.

ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். திருவொற்றியூரில் ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த எங்கள் மூன்று வீடுகளும் சேர்ந்து ஓர் இன்வர்ட்டர் வாங்கியபோது, சுவிட்ச் பெட்டியின் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். கரண்ட் போனால் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். யாருக்கு எது வேண்டுமானாலும் வாசலில் நின்று கை காட்ட வேண்டும், கிரேனுக்குக் கீழே நிற்பவர் காட்டுவது போல. விரலை உயர்த்திச் சுற்றினால் 'போடு'. முஷ்டியை மூடினால் 'நிறுத்து'. வாயால் கேட்டால் அவர் காதில் விழாது.

எதிர்வீட்டு செல்வி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று கரண்ட் இல்லை. அக்கா யாரையும் கேட்காமல் மிக்சியைப் போட்டார். மூன்று வீட்டு ஃபேனும் நின்றது.

"இன்னா நைனா, சட்னி அரைக்கக்கூட உன்னாண்ட பர்மிசனா?"

"ரெண்டு டன்னு தூக்குற கொக்கில நாலு டன்ன மாட்டுனா இன்னா ஆவும்? மேல குந்திகினு கீற எனக்கு ஒண்ணியும் ஆவாது. கீய நிக்கிறவன் காலி."

மாப்பிள்ளை வீட்டார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெறும் போண்டாவைத் தின்றார்கள்.

எனக்கு மட்டும் அந்தக் கை பாஷை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லையே.

பிறகு ஒரு புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் மதியமே நைனா எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "பேட்டரி பூட்ச்சு" என்றார்.

"பேஜாரு புட்ச்ச மன்சன். காவ காத்தே பேட்டரிய சாவடிச்சிட்டாரு" என்றார் அக்கா.

இரண்டாம் நாள் மதியம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நெபுலைசர் மேசைமேல் சும்மா கிடந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், எந்த ஆட்டோவும் வராது. அவள் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு ஓடினேன். வார்த்தை வரவில்லை. கை மட்டும் தானாக மேலே போனது. செத்துப்போன பேட்டரி என்று தெரிந்தும் விரலைச் சுற்றினேன்.

நைனா எழுந்து சுவிட்சைத் தட்டினார். உள்ளே நெபுலைசர் உறுமியது.

அக்கா வாயைப் பிளந்தார். "அப்போ இன்னாத்துக்கு நைனா பொய் சொன்ன?"

"கீதுன்னா நீ சீரியல் பாப்ப. அந்தப் பொண்ணுக்கு ஈரக் காத்து ஆவாது. இவன் வாயத் தொறந்து கேக்குற ஆளும் இல்ல."

ஸ்டெல்லாவின் மூச்சு சீராகும்வரை அவர் உட்காரவே இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முஷ்டியை மூடிய பிறகுதான் சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலை கரண்ட் வந்தது. செல்வி அக்கா சட்னி அரைத்தார்.