ஆறுகாய் சாரின் டிரா

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியர்களிலேயே, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே மனிதர் ஆறுகாய் சார்தான்.

எங்கள் கால்நடை மருந்தகத்தில் அவர் ஆய்வாளர். நான் தடுப்பூசி ஐஸ் பெட்டி தூக்கும் உதவியாளன். அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு சட்டை, ஒரு லேப்டாப், துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க். சதுரங்கப் பலகையில் இரு பக்கமும் சேர்த்து ஆறு காயோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் வரக்கூடிய நிலைகள் அத்தனைக்கும் முடிவு அந்த டிஸ்க்கில் இருந்தது. தானே எழுதிய சதுரங்க புரோகிராமை அதோடு இணைத்திருந்தார். பலகை நிறையக் காய் இருக்கும்போது அது என்னைவிட மோசமாக ஆடும். ஆறு காய் ஆனதும் கடவுள்.

சாரும் அப்படித்தான். "ஏனுங்க சார், மாடு பொழைக்குமுங்களா?" என்று கேட்டால், "இதுல ஆறு காய்க்கு மேல இருக்குதுங்க. சொல்ல முடியாது" என்பார். கேட்டவர், மாடு எந்தக் காயைத் தின்றது என்று யோசித்துக்கொண்டே போவார்.

அந்த வருடம் மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வரை கோமாரி நோய் வந்துவிட்டது. மலைமேல் திருப்புலி நாட்டில் ஓர் ஊர் மட்டும் மாடுகளுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்றது. காரணம், மிளகு விவசாயி வெள்ளையன். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று அவர் சொன்னார், ஊர் கேட்டது. சதுரங்கத்திலும் அவரை அங்கே யாரும் ஜெயித்ததில்லை.

"உங்க பொட்டியோட ஆடறேனுங்க. அது ஜெயிச்சா ஊசி போடுங்க. இல்லீன்னா ஊடு போய்ச் சேருங்க" என்றார் வெள்ளையன், சாரின் லேப்டாப்பைக் காட்டி.

புரோகிராம் வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தது. மரவள்ளிக் காட்டில் ஆடு புகுந்துவிட்டதென்று யாரோ கத்த, அந்தப் பதற்றத்தில் வெள்ளையன் ராணியைப் பறிகொடுத்தார். வெட்டி வெட்டி ஆறு காய் மிஞ்சியது. திரையில் 'வெற்றி' என்று வந்தது.

"முடிஞ்சுதுங்க" என்றார் சார்.

முடியவில்லை. புரோகிராம் ராஜாவை இடப்பக்கம் நகர்த்தியது. பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். டீ வந்து ஆறிப்போனது.

"ஏனுங்க, ஜெயிக்குமுன்னு தெரிஞ்சும் ஏன் ஜெயிக்க மாட்டீங்குது?" என்றார் வெள்ளையன்.

"எங்க போனாலும் ஜெயம்தானுங்களே. அதான் எங்கயும் போகலை."

சொல்லும்போதே சாரின் முகம் வெளிறியது. ஜெயமா தோல்வியா என்று சொல்லும் பட்டியலை மட்டும் ஏற்றியிருந்தார். ஜெயத்துக்கு வழி சொல்லும் பட்டியலை, டிஸ்க்கில் இடமில்லை என்று விட்டிருந்தார்.

"சார், நீங்களே கையால ஆடிருங்க. யாருக்குத் தெரியும்?" என்று காதில் ஓதினேன். அவர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பேனாவை மூடினார்.

"ஆளுக்கு ஐம்பது தடவை நகத்தியாச்சுங்க. ஒரு காயும் வெட்டுப்படலை, ஒரு சிப்பாயும் நகரலை. விதிப்படி டிரா. நான் ஜெயிக்கலைங்க."

"அப்படியொரு விதி இருக்கறது எங்களுக்குத் தெரியாதுங்களே?"

"எனக்குத் தெரியுமுங்களே."

நான் கிளம்புவதற்காக ஐஸ் பெட்டியைத் தூக்கினேன். வெள்ளையன் பலகையில் இருந்த காய்களைக் கலைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, மாட்டைப் புடிச்சுக் கட்டு. தனக்கு ஆகாததையே சொல்ற மனுசன், ஊசியிலயா பொய் சொல்லப் போறாரு?"

மதியம் வெள்ளையன் வீட்டிலேயே சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். சார் புரோகிராமில் திருத்த வேண்டியதை முணுமுணுத்தபடி வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என் தட்டில் விழுந்த ஈரலை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அதுவரை நான் யாருக்கும் ஈரலை விட்டுக்கொடுத்ததில்லை.