சுயம்புலிங்கம் வார்த்த ஜெர்மன்

பசுவைக் கொடுப்பதில்லை என்று சுயம்புலிங்கம் முடிவு கட்டிவிட்டார். போடி கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம். வாங்காதவனை ஒரு காயை முகர்ந்து பார்க்கக்கூட விடமாட்டார். அவரா கறவைப் பசுவை விடுவார்? மனைவி சங்கிலியம்மாளோ, கெங்குவார்பட்டியில் பிள்ளை பெற்றிருக்கும் தங்கைக்கு அந்தச் செவலைப் பசுவைச் சீராக அனுப்பியே தீருவேன் என்று நின்றாள். தங்கை புருஷன் பொன்னுராஜ் ஓட்டிப்போக வந்து உட்கார்ந்தே விட்டான்.

முகத்துக்கு நேரே இல்லையென்றால் மரியாதை போகும். ஆகவே அவர் ஜெர்மனை எடுத்தார். சிறுவயதில் தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மன் பாதிரியாரிடம் கற்றது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத பாஷை என்பதால் அதில் அவரை இதுவரை யாரும் மடக்கியதில்லை.

"ஷெங்கன்னு ஒரு வினைச்சொல். பரிசு, தானம் குடுக்கிறதுக்கு ஜெர்மன்காரன் அதைத்தான் சொல்றான். ஆதியில அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும்" என்றாள் சங்கிலியம்மாள்.

"பாத்திரத்தைச் சாய்ச்சு ஊத்துறது! வந்தவனுக்குக் குடிக்க ஊத்துனான், அதுதான் மொதத் தானம். பசு, காணியெல்லாம் பின்னால வந்த பேராசை. பொன்னுராசுக்குக் காப்பி ஊத்தியாச்சு. தானம் முடிஞ்சது."

"அடேயப்பா! சாராளக்கா, இங்கன வாங்க. இவுக படிப்பைக் கேளுங்க!"

பக்கத்து வீட்டுச் சாராள் வந்தாள். அவளோடு தெருவும் வந்தது. சுயம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப, ஊத்துனாலே குடுத்ததா?"

"சந்தேகமே வேண்டாம்."

"எப்படிச் சாய்க்கணும்? ஒருக்காச் செஞ்சு காட்டுங்க."

செம்பு நிறையத் தண்ணீர் அவர் கைக்கு வந்தது. பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பொன்னுராஜ் கயிறும் கையுமாக வந்துகொண்டிருந்தான்.

"தம்பி, அந்தக் கையை நீட்டுங்க" என்றாள் சங்கிலியம்மாள்.

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஷெங்கன்!" என்று முழங்கி, அழகாகச் சாய்த்து ஊற்றினார். கயிறு பிடித்த கையில் தண்ணீர் வழிந்தது.

"பசுவைத் தாரை வார்த்துக் குடுத்துட்டாக!" என்று கூவினாள் சாராள்.

கயிறு பிடித்த கையில் நீர் வார்த்தால் மாடு கைமாறியது என்பது அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேர்ச்சொல் தேடிப் போன மனிதருக்குத்தான் மறந்துவிட்டது.

"ஏய், அது பாடம்டி!"

"தெருவே பாக்கக் குடுத்ததைத் திருப்பிக் கேக்குறவுகளுக்கு ஜெர்மன்ல என்ன பேரு, சொல்லுங்க?" என்றாள் மனைவி.

சொல் தெரியும். காலிச் செம்பைக் கீழே வைத்தார். செவலை திரும்பிப் பார்க்காமல் தெருமுனை தாண்டியது.

மாலையில் கடையிலிருந்து வந்தவரின் தம்ளரில் சங்கிலியம்மாள் செம்பைச் சாய்த்துக் கடுங்காப்பி ஊற்றினாள்.

"குடிங்க. ஷெங்கன்."