மைக்குக்கு வைத்த சந்தனம்

பழுதான மைக் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என யாரிடமும் மல்லுக்கு நிற்கிற ஒரே மனிதர், எங்கள் வேடசந்தூர் ‘ஒன் டூ த்ரீ’ அண்ணன். ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். போனை எடுத்தாலும் “ஹலோ, ஒன் டூ த்ரீ”தான். துக்க வீட்டில்கூட தொண்டையைச் செருமி அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுவார். ஒரு கல்யாணத்தில் கரண்ட் போனது தெரியாமலே மைக்கில் பந்திக்கு அழைத்தார். பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள். கதைகளை ஒலிப்பதிவு செய்கிற ஒரு கம்பெனி, வாசிக்க ஆள் தேடியது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் குரல் மாதிரி அனுப்ப வேண்டும். தைரியமாக யூ.எஸ்.பி. மைக் வாங்கிவிட்டேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பதிவைப் போட்டுக் கேட்டால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. மைக் வாங்கிய கடைக்காரருக்கு அந்தப் பதிவை அனுப்பிக் கேட்டேன்.

“மைக் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க குரலே அப்படித்தான்.”

அழுதுகொண்டே அண்ணனைக் கூப்பிட்டேன். நாலரைக்கு மொபெட்டில் வந்து இறங்கினார்.

“குரல்ல குத்தமா? எவன் சொன்னது? மில்லு ஓடுறப்பவே நீ கத்துறது வாசக்கேட்டுக்கு வெளிய கேக்குமே தாயி!”

“விட்ருங்கண்ணே. எட்டாங்கிளாஸுக்கு எதுக்கு இந்த வேல?”

“நான் அஞ்சாங்கிளாஸு. செத்த நேரம் சும்மா இரு.”

ஒயரை மாற்றினார். வேறு ஓட்டையில் செருகினார். கம்ப்யூட்டர் எந்த மைக்கில் கேட்கிறது என்று என்னைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரி. கடைசியில் மைக்கை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“என்ன தாயி, சந்தனம் மணக்குது?”

பஞ்சு உறையை உருவினார். உள்ளே சல்லடை முழுக்கச் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். புதுப்பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் நான்தான் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருந்தேன்.

“மைக்குன்னா காது. காதுக்குள்ள இம்புட்டுச் சந்தனத்த அப்பிட்டுப் பேசுனா சாமிக்கே கேக்காது!”

பழைய பல் பிரஷ்ஷால் துலக்கித் துலக்கி உதிர்த்தார். அஞ்சே முக்காலுக்குப் பதிவைத் தொடங்கினேன். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஹலோ, ஒன் டூ த்ரீ. தாயி குரலு நல்ல குரலு. இல்லேங்கிறவன் நேர்ல வாடா!”

போட்டுக் கேட்டோம். கணீரென்று இருந்தது. ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் வாசிப்பை அனுப்பினேன். வேலை கிடைத்தது. என் முதல் கதையைக் கடைக்காரருக்கு அனுப்பிவைத்தேன். இன்னும் பதில் இல்லை.

இடம் தீர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் அடிக்கடி மிரட்டுகிறது. எதையெதையோ அழிக்கிறேன். அண்ணனின் அந்த ஒன் டூ த்ரீயில் மட்டும் கைவைக்க மாட்டேன்.